உபாத்தியாயரும் கருவியும்

கல்விக்கூடத்தினுள் புதியதொரு கருவி அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவது உலக வழக்கம். 'இனி ஆசிரியர் எதற்கு?' என்பது ஒரு குரல். 'இனிக் கல்வி கெட்டது' என்பது மற்றொன்று. வானொலி வந்தபோது இவ்விரண்டும் கேட்டன; தொலைக்காட்சி வந்தபோதும் கேட்டன; கணிப்பொறியும் கைப்பேசியும் வந்த பின்னரும் கேட்கின்றன. சென்ற இருநூறு ஆண்டு வரலாற்றை நிதானமாக நோக்குவோமாயின், இரு குரல்களும் பிழைபட்டவை என்பது புலனாகும். கருவி ஆசிரியரை ஒழித்ததுமில்லை; கல்வியை அழித்ததுமில்லை. ஆனால், கருவியைக் கையாள வேண்டியவரை முன்னதாகப் பழக்காமல், கருவியை மட்டும் வகுப்பறைக்குள் அனுப்பிய இடங்களில் பொருளும் காலமும் விரயமாயின. அவ்விரயத்தின் சுமை இறுதியில் குழந்தையின் தலைமேல் வந்து விழுந்தது.

இவ்வரலாற்றைத் தமிழகத்திற்கு வெளியே வாழும் நாம் அறிந்து கொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பிறமொழி வாயிலாகவே பயில்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, கைப்பேசித் திரையில் மற்றொரு மொழி என்று வளரும் குழந்தைக்கு, எது நம்பத் தக்கது, எது தள்ளத் தக்கது என்று எடுத்துக் காட்டும் ஆசிரியரின் துணை பெரிதும் வேண்டப்படுகிறது. அத்தகைய ஆசிரியர் எவ்வாறு உருவாகிறார் என்பது, ஆகவே, நமது கவலையுமாகும்.

மணலில் எழுதிய விரல்

இக்கதை சென்னையிலேயே தொடங்குகிறது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்தார்; 1789-இல், எழும்பூரில் அமைந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து செல்கையில், சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து பயில்வதை அவர் கண்டார். காகிதமும் மையும் விலை மிகுந்திருந்த அந்நாளில், செலவே இல்லாத இவ்வழி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தமது விடுதியிலும் மணலைப் பரப்பச் செய்தார். அங்கிருந்த உதவி ஆசிரியர்களோ, இம்முறையில் கற்பித்தல் இயலாத காரியம் என்று மறுத்துவிட்டனர். பெல் சளைத்தாரில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவன் பொறுப்பில் விட்டார். சிறுவன் அதில் வெற்றியும் கண்டான்.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தமது சோதனையைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயருடன் அது பிரிட்டனில் விரைந்து பரவிற்று. அவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1830-களில் நிறுவப்பெற்ற பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. நம் திண்ணையின் மணல் கடல் கடந்து சென்று புகழ் பெற்ற கதை இது.

பெருமிதத்தோடு இங்கே நிறுத்திக் கொள்வது எளிது. ஆனால் கதையின் மறுபாதியையும் கூறியாக வேண்டும். மணல் மலிவானது, சட்டாம்பிள்ளையாகிய சிறுவனும் மலிவானவன். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான மாணவரை நடத்திவிடலாம் என்று தருமவான்களும் ஆட்சியாளரும் மகிழ்ந்தனர். எனினும், தான் ஒப்பித்ததைப் பிறரை ஒப்பிக்கச் செய்வதற்கு மேல் ஒரு சிறுவனால் யாது செய்ய இயலும்? 'ஏன்?' என்று கேட்கும் குழந்தைக்கு விடை கூற அவ்வகுப்பில் ஆளில்லை. பிரிட்டனில் 1846-இல், பதின்மூன்று வயது நிரம்பிய மாணவரைத் தேர்ந்து ஐந்தாண்டுகள் பழக்கும் மாணவ ஆசிரியர் திட்டம் தொடங்கப்பெற்ற பின், சட்டாம்பிள்ளை முறை படிப்படியாக மங்கிற்று. சென்னையிலும் 1856-இல் அரசினர் போதனா முறைப் பள்ளியொன்று தோன்றிற்று. பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

கருவி எத்துணை மலிவாயினும், அதனைக் கையாள்பவரைப் பழக்கும் செலவு மலிவாகாது என்பது இதனால் நாம் பெறும் முதற் படிப்பினை.

ஒலிபெருக்கியின் முன்னே

அடுத்து வந்த பெரிய கருவி வானொலி. 1936 ஜூன் 8-ஆம் நாள் நம் நாட்டு ஒலிபரப்புத் துறை 'அகில இந்திய வானொலி' என்று பெயர் பெற்றது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-ஆம் நாளும் தொடங்கின. கல்கத்தா, தில்லி, பம்பாய், சென்னை ஆகிய நிலையங்கள் 1930-களின் பிற்பகுதியிலேயே பள்ளி மாணவருக்கான ஒலிபரப்பை மேற்கொண்டன.

வானொலிப் பாடத்தின் இயல்பு வேறு. கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர், மாணவரின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்கலாம். கூறியதை மீண்டும் கூறலாம். ஒலிபெருக்கிக்குக் கண் இல்லை. கேட்பவர் புரிந்து கொண்டாரா என்பதை அது அறியாது. ஒரு முறை கூறியதை மறுமுறை கூறவும் மாட்டாது. இக்குறையை நிறைவு செய்வதற்கு, வானொலிக் கல்வியில் அனுபவம் மிக்கோர் மூன்று படிகள் கொண்ட விதியொன்றை வகுத்தனர். ஒலிபரப்புக்கு முன் ஆசிரியர் பாடப்பொருளைப் படித்து, அருஞ்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று மாணவருக்கு உணர்த்த வேண்டும். ஒலிபரப்பின்போது அவரும் வகுப்பிலேயே அமர்ந்து கேட்க வேண்டும். ஒலிபரப்பு முடிந்தபின் வினாக்கள் எழுப்பி, விவாதித்து, பிழையாக விளங்கிக் கொண்டவற்றைத் திருத்த வேண்டும். முன்னே ஆயத்தம், நடுவே உடனிருத்தல், பின்னே வினவுதல் என்னும் இம்மூன்றையும் நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதி வரை இவை நம்முடன் வரும்.

விதி நன்று, நடைமுறையோ பல இடங்களில் வேறாக இருந்தது. பாடம் ஒலிபரப்பாகும் நேரமும் பள்ளியின் கால அட்டவணையும் பொருந்துவதில்லை. பொருந்திய இடத்தில் பெட்டி இல்லை. பெட்டி உள்ள இடத்தில், பழுதாகிவிடுமோ என்னும் அச்சத்தால் அது பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையில் எழுதப் பழகியது போல வானொலியை வைத்துப் பாடம் நடத்தப் பழகிய ஆசிரியர் மிகச் சிலரே.

பழக்கினால் என்ன நிகழும் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து சான்று கிடைத்தது. 1956-இல், யுனெஸ்கோவின் துணையுடன், அன்றைய பம்பாய் இராச்சியத்தில் புனாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் 150 கிராமங்களில் வானொலிக் கிராம அரங்குகள் அமைக்கப்பெற்றன. வாரம் இருமுறை, பத்து வாரங்கள், கிராமத்தார் கூடி அமர்ந்து அரை மணி நேர நிகழ்ச்சியைக் கேட்பர், கேட்டபின் விவாதிப்பர், தங்கள் ஊரில் யாது செய்யலாம் என்று முடிவு செய்வர். கூட்டத்தை நடத்துவதற்கு ஒவ்வோர் அரங்கிலும் அமைப்பாளர் ஒருவர் இருந்தார். அரங்கு அமைந்த கிராமத்தார் பெற்ற அறிவு, அரங்கின்றி வெறுமனே வானொலி கேட்ட கிராமத்தார் பெற்றதினும் மிகுதி என்பதை அச்சோதனையை ஆராய்ந்த பால் நியூராத் என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினார். பெட்டி ஒன்றே; அதனருகே அமர்ந்திருந்த மனிதரால் பயன் வேறுபட்டது.

தலைநகரிற் காட்சிப் பாடம்

1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. அக்காலத்தில் அதனை நடத்தியதும் அகில இந்திய வானொலியே. 1976 ஏப்ரல் முதல் நாளில்தான் தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்தது. 1961 அக்டோபரில், போர்டு அறக்கட்டளையின் உதவியுடன், தில்லி உயர்நிலைப் பள்ளிகளுக்கான தொலைக்காட்சிப் பாடங்கள் தொடங்கப்பெற்றன. அன்றைய தலைநகரப் பள்ளிகள் பலவற்றில் இரசாயன, பௌதிக ஆய்வுக்கூட வசதி போதுமானதாக இல்லை. நல்லாசிரியர் ஒருவர் நல்ல கருவிகளைக் கொண்டு செய்து காட்டும் சோதனையை அனைத்துப் பள்ளி மாணவரும் ஒரே சமயத்தில் காணுமாறு செய்வதே திட்டத்தின் நோக்கம்.

இங்கும் மூன்று படிகளே அடிப்படை. வகுப்பாசிரியருக்குக் குறிப்புக்கள் முன்னதாக அனுப்பப்பெற்றன. திரையில் பாடம் முடிந்ததும் எஞ்சிய நேரத்தை அவரே ஏற்று நடத்த வேண்டும். அங்ஙனம் நடத்தியோர் பயன் கண்டனர். ஆயின், திரை ஒளிர்ந்தவுடன் தம் வேலை முடிந்தது என்று எண்ணி, ஓய்வறைக்குச் செல்ல விரும்பும் ஆசிரியரும் எக்காலத்தும் உண்டு. அவரைக் குறை கூறிப் பயனில்லை. திரைக்கு முன்னும் பின்னும் தமக்குரிய பணி யாது என்பதை அவர் பயிலுங்காலத்தில் எவரேனும் கற்பித்தனரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வானிலிருந்து வந்த வகுப்பு

இக்கேள்விக்குப் பெரிய அளவில் விடை காண முயன்ற நிகழ்ச்சி ஒன்று நம் வரலாற்றில் உண்டு. அதுவே 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை 31 முடிய நடைபெற்ற செயற்கைக்கோள் போதனைத் தொலைக்காட்சிச் சோதனை. 'சைட்' என்ற சுருக்கப் பெயரால் அது இன்றும் பேசப்படுகிறது. விக்ரம் சாராபாய் கனவு கண்டு 1969-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்ததன் பயன் அது. நிறைவேறிய காலத்தில் அவர் உயிருடன் இல்லை. ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நிகழ்ச்சிகளை நேரே கிராமங்களுக்கு அனுப்பிற்று. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் அவற்றைப் பெற்றன. கோழிக் கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையைக் கொண்டு அமைத்த பத்தடி அகலக் கிண்ணமே வானலை வாங்கி. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் நிகழ்ச்சிகள் வந்தன.

அச்சோதனையில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதி ஆசிரியர் பயிற்சியே. தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியருக்கென்று பன்னிரண்டு நாள் பயிற்சி வகுத்தனர். பள்ளி விடுமுறையை ஒட்டி ஆசிரியர்கள் தத்தம் பகுதி மையங்களிற் கூடினர். தொலைக்காட்சியில் பாடத்தைக் கண்டனர். வானொலியில் விளக்கம் கேட்டனர். அச்சிட்ட கைந்நூலைப் படித்தனர். பின்னர், ஊரிலேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சோதனைகளைத் தம் கையாலேயே செய்து பார்த்தனர். மையந்தோறும் வழிகாட்டி ஒருவர் உடனிருந்தார். இருமுறை நடந்த இப்பயிற்சியில் பங்கு கொண்டோர் ஏறத்தாழ 50,000 பேர். அதுவரை ஒரே காலத்தில் இத்துணை ஆசிரியரை ஒருங்கே பழக்கிய முயற்சி நம் நாட்டில் அரிது.

சோதனை முடிந்ததும் அதன் பயனை அளந்தனர். குழந்தைகளின் மொழி வளமும் அறிய வேண்டும் என்னும் ஆவலும் வளர்ந்தன என்று ஆய்வாளர் கண்டனர். ஆனால், பள்ளியை விட்டு இடையில் நிற்கும் வழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. வறுமையால் ஆடு மேய்க்கச் செல்லும் சிறுவனைத் தொலைக்காட்சிப் பெட்டி பள்ளிக்கு இழுத்து வந்துவிடாது. கருவியின் எல்லை எதுவென்று கண்டறிந்ததும் அச்சோதனையின் பேறே எனல் வேண்டும். அக்காலத்தில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தை நடத்திய பேராசிரியர் யஷ்பால், பிற்காலத்தில், 1993-இல், பள்ளிக் குழந்தையின் சுமையைக் குறைப்பது பற்றிய புகழ்பெற்ற அறிக்கைக்குத் தலைமை ஏற்றவர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

கணிப்பொறியின் வருகை

1984-85-ஆம் ஆண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' எனப்பட்ட பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் 250 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகள் வழங்கப்பெற்றன. பல்கலைக்கழகங்களையும் தொழில்நுட்பக் கழகங்களையும் மையமாகக் கொண்டு ஆசிரியருக்குக் குறுகிய காலப் பயிற்சியும் அளிக்கப்பெற்றது. நோக்கம் உயர்ந்தது, இடையூறுகளோ பல. பள்ளிக்கு ஒன்றிரண்டு பொறிகளே வந்தன. அவற்றுடன் வந்த பாட நிரல்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. மாநிலப் பாடத்திட்டத்திற்கும் அவற்றிற்கும் தொடர்பு குறைவு. பயிற்சி பெற்ற ஓராசிரியர் மாற்றலாகிச் சென்றால், பொறி உறையிட்டு மூடப்படும். பழக்கப்பட்டவர் ஒருவரை மட்டும் நம்பிய திட்டம் அவர் போனதும் தளர்ந்துவிடும் என்பது இதன் பாடம்.

நிற்க. தொலைக்காட்சியின் பெருங் குறை, கேட்பவர் எதிர்க்கேள்வி கேட்க இயலாமை. 1996-இல் கர்நாடகத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு நடந்த பயிற்சியில் இக்குறையை நீக்க முயன்றனர். காட்சி செயற்கைக்கோள் வழியே ஒரு திசையில் வந்தது. மையங்களில் அமர்ந்த ஆசிரியர் தொலைபேசி மூலம் கேள்வி எழுப்ப, நிபுணர் திரையில் தோன்றி விடை கூறினார். கல்விக்கென்றே அமைத்த 'எடுசாட்' செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்றது. அதனைப் பயன்படுத்திக் கேரளம் நிறுவிய 'விக்டர்ஸ்' கல்வி அலைவரிசையை 2005 ஜூலை 28-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார்.

கேரளத்தின் முயற்சியில் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், வெளியிலிருந்து பயிற்றுநரை அழைப்பதற்கு மாறாக, ஆசிரியரிடையிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்து பழக்கிற்று. அவர்கள் பிற ஆசிரியரைப் பழக்கினர். விலையில்லாத் திறவூற்று மென்பொருளைத் தேர்ந்தமையால், அதனைத் தாய்மொழியில் மாற்றியமைக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிட்டிற்று. பொறியைப் பற்றிய அச்சம் நீங்கிய ஆசிரியர், பொறியைத் தமக்கேற்ப வளைக்கவும் கற்றுக் கொண்டனர்.

பயிற்சிக் கல்லூரியின் பாடம்

இதுகாறும் கூறியவை, பணியில் உள்ள ஆசிரியரைப் பின்னர்ப் பழக்கிய முயற்சிகளே. பணியிற் சேரும் முன்பே, பயிற்சிக் கல்லூரியிலேயே பழக்குவது நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. படக் காட்சிக் கருவியின் பாகங்களை வரைந்து பெயர் குறித்தால் மதிப்பெண் உண்டு. அதனை இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு அரிது. தேசிய ஆசிரியர் கல்விக் கழகம் 1995-இல் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. அக்கழகத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, அதன் பாடத்திட்டத்தில், தகவல் தொழில்நுட்பத்தைச் சீர்தூக்கிப் புரிந்து கொள்ளுதல் என்னும் பாடத்தையும் சேர்த்தன. பாடத்தின் பெயரே புதுமையானது. இயக்கக் கற்பதோடு அமையாமல், எடை போடக் கற்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

காலம் அதற்கு ஏற்றதாகவே வந்தது. 2017 ஜூலையில் 'ஸ்வயம்' இணையக் கல்வித் தளமும், அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் 'தீக்ஷா' என்னும் தளமும் தொடங்கப்பெற்றன. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமலே பணியாற்றி வந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 2019 மார்ச்சு முடிவிற்குள் தகுதி பெற வேண்டும் என்று சட்டம் விதித்தது. அவர்களில் 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் சேர்ந்து, இணையமும் தொலைக்காட்சியும் துணையாகப் பயின்றனர். தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியாற் படித்தால், பாடத்திற்குரிய காட்சி திரையில் தோன்றும். 2019 ஆகஸ்டு 21-ஆம் நாள் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சி, மறு ஆண்டு நோய்த்தொற்றின் காரணமாக, முழுதும் இணையவழிக்கு மாறிற்று.

அந்த 2020-ஆம் ஆண்டை நாம் எளிதில் மறக்க மாட்டோம். மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. கரும்பலகையன்றி வேறு அறியாத ஆசிரியரும் கைப்பேசியின் முன் அமர்ந்து பாடம் சொல்ல நேர்ந்தது. ஒரே கைப்பேசியை வைத்துக் கொண்டு, தந்தை வேலைக்குச் செல்வதா, பிள்ளை வகுப்பில் அமர்வதா என்று தவித்த குடும்பங்கள் பல. அவ்வாண்டு ஜூலை மாதம் மத்தியக் கல்வித் துறை 'பிரக்யாதா' என்னும் நெறிமுறைகளை வெளியிட்டது. எட்டுப் படிகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது: திட்டமிடல், மீள்நோக்கல், ஏற்பாடு செய்தல், வழிகாட்டல், பேசுதல், பணி அளித்தல், பின்தொடர்தல், பாராட்டுதல். கூர்ந்து நோக்கினால், பழைய வானொலி ஆசிரியரின் முன்னே, நடுவே, பின்னே என்னும் மூன்று படிகளே விரிந்து எட்டாயின என்பது விளங்கும்.

நான்கு கடமைகள்

மூன்று படிகள் எவ்வாறு கற்பிப்பது என்பதைக் கூறும். இணையம் என்னும் கருவியோ, முந்திய கருவிகளில் இல்லாத ஒரு தன்மை உடையது. வானொலிப் பாடத்தை நிலையத்தில் ஒருவர் ஆராய்ந்து தேர்ந்த பின்னரே ஒலிபரப்பினர். இணையத்தில் அத்தகைய வாயிற்காப்போன் இல்லை; அப்பொறுப்பு வகுப்பாசிரியர் மேலேயே விழுகிறது. அதனால், பயிற்சி பெறும் ஆசிரியர் பழக வேண்டிய கடமைகள் நான்கு என்பது நம் கருத்து.

முதலாவது, உண்மையைச் சரிபார்த்தல். எளியதோர் எடுத்துக்காட்டு கூறுவோம். இந்தியாவின் வரைபடத்தைத் தேடினால் இணையத்தில் கணக்கற்ற படங்கள் கிட்டும். அயல்நாட்டார் வெளியிட்ட பலவற்றில் நம் எல்லைகள் பிழையாக வரையப்பட்டிருக்கும். 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை வெளியிடும் படமே நமக்கு அதிகாரபூர்வமானது. அதனை இணையத்திலேயே பெறலாம். முதலில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுபவரும், யார் வெளியிட்டது, எந்த ஆண்டினது என்று பார்த்து எடுப்பவரும் ஒரே கருவியைத்தான் பயன்படுத்துகின்றனர். மாணவர் பெறும் அறிவோ வேறாகிறது.

இரண்டாவது, உரிமையை மதித்தல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பாடம் நடத்துங்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல், பல்கலைக்கழகப் பாடத்தொகுப்பின் நிழற்படிகளைப் பற்றிய வழக்கில், அவ்விலக்கின் பொருளை விரிவாக ஆராய்ந்து உறுதி செய்தது. ஆனால், வகுப்பில் பயன்படுத்துதல் வேறு. பிறர் எழுதியதைத் தம் பெயரிட்டு வெளியிடுதல் வேறு. எழுதியவர் பெயரைக் கூறும் பழக்கத்தை ஆசிரியரிடம் காணாத மாணவன், தானும் அதனைக் கற்கமாட்டான். யாவரும் எடுத்தாளலாம் என்று அனுமதியுடன் வெளியிடப்பெறும் பாடப்பொருள்களுக்காக 2013-இல் தேசியத் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம் தொடங்கப்பெற்றதையும் பயிற்சியாளர் அறிதல் நன்று.

மூன்றாவது, குழந்தையின் அந்தரங்கத்தைக் காத்தல். மாணவியின் படம், முகவரி, மதிப்பெண், தொலைபேசி எண் ஆகியவை ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள். அவற்றைக் குழுச் செய்திகளில் பரப்புவது தீங்கை விளைக்கும். 2023 ஜனவரியில், தீக்ஷா தளத்தின் தகவல்களைச் சேமித்த கணினி ஒன்று காப்பின்றிக் கிடந்தமையால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியரின் விவரங்கள் வெளிப்பட்டன என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. பெரிய அமைப்புக்கே இது நேருமாயின், தனி ஆசிரியர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று பொதுவாக விதிக்கிறது.

நான்காவது, அளவறிதல். பிரக்யாதா நெறிமுறைகள் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புக்களுக்கு மேல் இணையவழியில் நடத்தலாகாது என்றன. மழலையருக்கு 30 நிமிடத்திற்கு மேல் கூடாது என்றன. மருந்துக்கு அளவு உண்டு, திரைக்கும் உண்டு.

இயந்திரம் பேசும் தமிழ்

கேள்வி கேட்டவுடன் விடையை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் 2022-ஆம் ஆண்டின் இறுதி முதல் பரவலாயின. இங்கு நம் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் கூறுதல் பொருந்தும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இயந்திர மொழிபெயர்ப்பை அன்றாடம் காண்கிறோம். அதன் வேகத்தையும் உதவியையும் மறுக்கவில்லை. ஆயினும், 'பவர்' என்னும் ஆங்கிலச் சொல் அரசியல் பாடத்தில் அதிகாரம்; பௌதிகத்தில் திறன்; கணிதத்தில் அடுக்கு. இரண்டின் மூன்றாம் அடுக்கு என்று வரவேண்டிய இடத்தில் 'இரண்டின் மூன்றாம் அதிகாரம்' என்று இயந்திரம் எழுதினால், அதனைக் கண்டு நகைத்துத் திருத்துவார் பாடம் அறிந்த ஆசிரியர். பாடம் அறியாத குழந்தையோ, பிறமொழியில் பயின்று வீட்டில் மட்டும் தமிழ் பேசும் குழந்தையோ, அதனை அப்படியே நம்பிவிடும். இயந்திரம் தயங்குவதில்லை, பிழையையும் சரியையும் ஒரே உறுதியுடன் கூறும். தயக்கம் என்னும் நற்பண்பை ஆசிரியரே சேர்க்க வேண்டியிருக்கிறது.

இக்கருவிகளால் நமக்கு விளைந்த நன்மையையும் மறத்தல் நன்றன்று. 1998-இல் தன்னார்வலர் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவிற் சேர்த்து வருகிறது. 2001-இல் தமிழ்நாடு அரசு நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன், தாயகத்திற்கு வெளியே வாழும் தமிழர் மொழியைப் பயில வழி செய்கிறது. முன்பு அஞ்சலில் ஊரிலிருந்து ஓர் அரிச்சுவடி வரக் காத்திருந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள், இன்று அகராதியையும் நூலகத்தையும் வீட்டிலிருந்தே திறக்கின்றனர். எனினும், பக்கத்தில் அமர்ந்து, 'இதை உரக்கப் படி. பொருள் சொல் பார்ப்போம்' என்று கேட்பவர் இல்லையேல், திறந்த நூலகமும் மூடிய நூலகமே.

எழும்பூரில் மணலைக் கொண்டு எட்டு வயதுச் சிறுவன் நடத்திய வகுப்பிலிருந்து இன்று வரை, கருவிகள் பல மாறிவிட்டன. குழந்தையின் 'ஏன்?' என்ற கேள்வி மாறவில்லை. அக்கேள்விக்கு முன்னதாக ஆயத்தம் செய்து, கேட்கும்போது உடனிருந்து, கேட்டபின் திருத்தும் ஆசிரியரை உருவாக்குவதற்கு வேண்டிய காலத்தையும் பொருளையும் சமுதாயம் கொடுக்குமா என்பதே நம்முன் நிற்பது. நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும் உரிமை நமக்கு உண்டு. அங்கே, 'இப்பள்ளியில் கணிப்பொறிகள் எத்தனை?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை, 'அவற்றைக் கையாள ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சி அளித்தீர்கள்?' என்றும் சேர்த்துக் கேட்போமாக.